சித்திரையில் யார் இருப்பீர்கள்?

கூட்டாகப் பண்ணை அமைக்க வேண்டும் என்று என்னைத் தேடி வருகிறவர்கள் முதலில் மண் பரிசோதனை அறிக்கையைத்தான் நீட்டுவார்கள். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எல்லாம் அச்சடித்து இருக்கும். நான் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "சித்திரை வைகாசியில் இங்கே யார் இருப்பீர்கள்?" என்று கேட்பேன். பெரும்பாலும் பதில் உடனே வராது. பிள்ளைகளுக்கு லீவு, பெற்றோரைப் பார்க்கப் போகவேண்டும், ஒருவருக்கு ஆபீஸில் வருடக் கணக்கு முடிக்கும் நேரம். மார்கழியில் பச்சையைப் பார்த்து மயங்கி நிலம் வாங்கியவர்களுக்குக் கத்திரி வெயிலில் அதே செம்மண் எப்படிக் கிடக்கும் என்று தெரிந்திருக்காது.

இருபது வருடங்களுக்கு மேலாக இதுதான் என் பிழைப்பு. இந்த வேலைக்குத் தனியாகப் பெயர் கிடையாது. நிலம் பார்த்துத் தருவதில்லை, தரகு வாங்குவதில்லை. வாங்கிய நிலத்தில் வரப்பு எங்கே, குட்டை எங்கே, வீடு எங்கே, மரம் எங்கே என்று குறித்துக் கொடுத்துவிட்டு, முதல் நான்கைந்து வருடம் கூடவே நிற்பேன். புதுக்கோட்டை, சிவகங்கை, கரூர் மாவட்டங்களின் மானாவாரிப் பூமிதான் என் வட்டாரம். அதில் ஒரே ஒரு பண்ணையைப் பற்றி இங்கே எழுதுகிறேன். ஆலங்குடிப் பக்கம், 32 ஏக்கர், ஒன்பது குடும்பங்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்தவர்கள். பெயர்களை விட்டுவிடுகிறேன். இன்னும் அங்கே போய்ச் சாப்பிடுகிறவன் நான்.

நிலத்தின் இயல்பைச் சொல்லிவிட வேண்டும். மேலே ஒன்றிரண்டு அடிக்குச் செம்மண், அதற்குக் கீழே சரளை, சில இடத்தில் கடப்பாரை போட்டால் தீப்பொறி பறக்கும் செம்புரைக்கல். ஆண்டு மழை சுமார் 900 மில்லிமீட்டர். அதில் அதிகம் வருவது ஐப்பசி, கார்த்திகையில். ஒரு ஏக்கரில் 900 மில்லிமீட்டர் பெய்தால் 36 லட்சம் லிட்டர் தண்ணீர். 32 ஏக்கருக்குப் பதினொன்றரைக் கோடி லிட்டருக்கு மேல். முதல் கூட்டத்தில் இதை நான் பலகையில் எழுதிக் காட்டுவது வழக்கம். எல்லோர் முகமும் மலரும். அந்த மலர்ச்சி வடிவதற்குள் மீதியையும் சொல்லிவிடுவேன்: இதில் பெரும்பகுதி ஒரு சில பெருமழைகளில் கொட்டிவிட்டுப் போய்விடும். மண் இறுகிக் கிடந்தால் வழிந்து ஓடும். ஓடும்போது மேல்மண்ணையும் கூட்டிக்கொண்டு ஓடும்.

இந்தச் சிக்கலுக்கு இந்த மண்ணின் பழைய ஆட்கள் கண்டுபிடித்த வழிதான் கண்மாய். புதுக்கோட்டை மாவட்டத்தில் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்களும் குளங்களும் இருக்கின்றன. மேட்டுக் கண்மாய் நிறைந்தால் கலுங்கு வழியாக வழிந்து அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கும் அடுத்தது. இதை நிலம் வாங்க வருகிறவர்கள் சரித்திரச் செய்தியாகக் கேட்டுக்கொள்கிறார்கள். உண்மையில் அது அவர்கள் பத்திரத்தில் எழுதப்படாத ஷரத்து. இங்கே நீங்கள் வாங்கும் எந்தப் புஞ்சையும் யாரோ ஒருவருடைய கண்மாயின் நீர்ப்பிடிப்பில்தான் கிடக்கிறது.

பட்டா, சிட்டா, அடங்கல், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் ஆலங்குடிப் பண்ணைக்காரர்கள் வக்கீல் வைத்துப் பார்த்திருந்தார்கள். புலப்படத்தை மட்டும் யாரும் விரித்துப் பார்க்கவில்லை. என்னைக் கூப்பிடுவதற்கு முந்தின வருடமே ஹிட்டாச்சி வைத்துப் பெரிய பண்ணைக்குட்டை வெட்டியிருந்தார்கள். நிலத்தின் தென்மேற்கு மூலை, நல்ல தாழ்வான இடம். வெட்டிய மண்ணைப் பக்கத்தில் இருந்த 'ஓடை மாதிரி ஒரு பள்ளத்தில்' கொட்டி நிரவிவிட்டார்கள். அந்தப் பள்ளம்தான் ஊர்க் கண்மாயின் வரத்துக்கால். புலப்படத்தில் அது தெளிவாக இருந்தது. ஐப்பசி மழையில் குட்டை நிரம்பியது. நண்பர்களுக்கெல்லாம் போட்டோ அனுப்பினார்கள். கீழே கண்மாயில் பாதிகூட ஏறவில்லை. அடுத்த வாரம் ஊரே வந்து பண்ணை வாசலில் நின்றது.

நான் உள்ளே நுழைந்தது அந்தக் கட்டத்தில்தான். அய்யனார் கோயில் மரத்தடியில் கூட்டம். ஊருக்கு நீர்பாய்ச்சியாக இருந்த பெரியவர் பேசினார். மடை திறப்பது, முறை வைத்துத் தண்ணீர் விடுவது, யாருக்கு எத்தனை நாழிகை என்று பார்ப்பது எல்லாம் அவர் பொறுப்பு. அறுப்புக்குப் பிறகு களத்தில் அவருக்கு நெல் அளந்துவிடுவார்கள்.

"சார், மழைத்தண்ணியச் சேமிக்கிறோம்னு சொல்றீங்க. நல்ல காரியந்தான். ஒரு வார்த்த ஊர்ல கேட்டிருக்கலாம்ல?"

"எங்க நிலத்துல விழுந்த மழைதானேங்க ஐயா?" என்றார் குடும்பங்களில் மூத்தவர். நியாயமாகத்தான் கேட்டார்.

"உங்க நிலத்துல விழுந்ததுதான், யாரு இல்லேங்கிறா? ஆனா நம்ம கண்மாய்க்கு வர்ற வழியில விழுந்திருக்கு."

அன்றைக்கு முடிவானது இது. வரத்துக்காலைப் பண்ணைச் செலவில் பழைய அகலத்துக்குத் தோண்டிவிட வேண்டும். குட்டைக்கு மூன்றடி உயரத்தில் ஒரு கலுங்கு கட்டி, அதற்கு மேல் ஏறும் தண்ணீர் தானாக வரத்துக்காலில் விழ வேண்டும். கண்மாய் நிறைந்து மறுகால் போன பிறகு பண்ணைக்காரர்கள் பலகை போட்டுக் குட்டையை முழுதாக நிரப்பிக்கொள்ளலாம். பதிலுக்கு, உரிய அனுமதியோடு கண்மாய் வண்டலை ஊர்க்காரர்கள் எடுக்கும்போது பண்ணைக்கும் பங்கு. இதை ஒரு தாளில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டோம். செம்மண்ணுக்கு வண்டல் எவ்வளவு பெரிய வரம் என்று அப்போது ஒன்பது குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. தண்ணீரை விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று இரண்டு பேர் என்மேல் வருத்தமாகவே இருந்தார்கள்.

உண்மையில் விட்டுக்கொடுத்தது கொஞ்சம்தான். நூறடிக்கு நூறடி, ஐந்தடி ஆழம் என்ற வழக்கமான குட்டையில் சரிவெல்லாம் போகப் பதினொன்று பன்னிரண்டு லட்சம் லிட்டர் நிற்கும். வெயில் காலத்தில் நாளுக்கு அரை சென்டிமீட்டருக்குக் குறையாமல் ஆவியாகும், கசிவு தனி. குட்டையை நம்பி யாரும் வைகாசி வரை பயிர் வைக்க முடியாது. இந்தப் பூமியில் தண்ணீரைச் சேமிக்க மலிவான, பெரிய தொட்டி மண்தான். அதற்கு வரப்பு வேண்டும்.

சமமட்டம் பார்க்க என்னிடம் இருப்பது மூன்று கழிகளைச் சேர்த்துக் கட்டிய 'ஏ' சட்டமும், நடுவில் தொங்கும் ஒரு கயிறும், கயிற்று நுனியில் ஒரு கல்லும். என்ஜினீயரிங் படித்த இளைஞர்கள் இதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனில் செயலி திறப்பார்கள். ஒரு மணி நேரம் வெயிலில் நடந்த பிறகு கழியைக் கையில் வாங்கிக்கொள்வார்கள். ஒரே மட்டத்தில் இருக்கும் இடங்களுக்கெல்லாம் முளைக்குச்சி அடித்து, அதை ஒட்டி வரப்பும் மேற்புறம் ஒரு வாய்க்காலும் எடுத்தோம். வரப்பின் மேல் வெட்டிவேரும் கிளைரிசிடியாவும். ஆரோவில்லுக்குப் போகிறவர்கள் காட்டைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். 1968-இல் அது தொடங்கியபோது அந்த மேடு அரித்துப்போன செம்மண் பொட்டல். மரங்களோடு ஆரோவில்காரர்கள் போட்ட வரப்புகள்தான் அந்தக் காட்டை நிறுத்தியவை. போகிறவர்கள் கீழே குனிந்து வரப்பையும் பார்த்துவிட்டு வரவேண்டும்.

மண்ணைத் தேற்றுவது பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா புண்ணியத்தில் அது இன்றைக்கு ஊர் ஊராகத் தெரிந்த விஷயம். தானியம், பயறு, எண்ணெய் வித்து, மணப்பயிர், உரப்பயிர் என்று ஐந்து வகையிலும் நான்கு நான்கு எடுத்துக் கலந்து விதைத்து, பூக்கும் நேரத்தில் மடக்கி உழுவது. இரண்டு மூன்று முறை செய்தால் மண்ணின் நிறமே மாறும். 2009-இல் அவர் கடவூர் அருகே சுருமான்பட்டியில் வானகம் பண்ணையைத் தொடங்கியபோது அது எப்படிப்பட்ட வறண்ட நிலம் என்று பார்த்தவர்களுக்கு இதில் சந்தேகம் இருக்காது. எங்கள் பண்ணையில் கொழுஞ்சி தானாகவே நிறைய முளைத்தது. அதைக் களை என்று பிடுங்க ஆரம்பித்தவர்களைத் தடுத்ததுதான் முதல் வருடத்தில் நான் செய்த பெரிய வேலை. என்ன மரம் வைப்பது என்ற கேள்விக்குப் பதில் இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கோயில்காட்டில் நின்றது. காசா, வீரை, உலக்கைப்பாலை, குருந்து, நாவல். யாரும் தண்ணீர் ஊற்றாமல் தலைமுறைகளாக நிற்பவை. நர்சரியிலிருந்து மகோகனிக் கன்று வாங்கி வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாக இருந்தது.

வேலி விவகாரம் அப்படிச் சுருக்கமாகச் சொல்லக்கூடியதல்ல. நகரத்திலிருந்து வருகிறவர்கள் நிலம் வாங்கியதும் செய்யும் முதல் செலவு கல்லுக்காலும் முள்கம்பியும். 32 ஏக்கரைச் சுற்றி அடைப்பது சாதாரணப் பணமில்லை. அந்தப் பணத்தில் அத்தனை வரப்பையும் போட்டு, கிணற்றையும் ஆழப்படுத்தியிருக்கலாம். பணத்தைவிடப் பெரிய நஷ்டம் வேறு. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் அறுப்பு முடிந்த பிறகு செம்மறிகளை ஓட்டிக்கொண்டு வடக்கே வருவார்கள். இரவில் வயலில் கிடை போடுவார்கள். புழுக்கையும் மூத்திரமும் அப்படியே நிலத்தில் சேரும். வண்டி வாடகை இல்லை, ஏற்றுகூலி இல்லை, இரவுக்கு இவ்வளவு என்று கிடைக்கூலி மட்டும். பண்ணைக்காரர்கள் கம்பி போட்டு அடைத்தது ஆடுகள் காலம் காலமாகப் போய்வந்த தடத்தை. ஒரு பக்கம் நாற்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து டிராக்டரில் தொழுஉரம் விலைக்கு வாங்கிக் கொண்டிருந்தார்கள். மறுபக்கம் ஆயிரம் ஆடு வேலியைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது.

கிழக்கு ஓரத்தில் பன்னிரண்டடிப் பாதையை விட்டுக் கம்பியைப் பின்னால் தள்ளுவது என்று முடிவெடுக்க இரண்டு வருடம் பிடித்தது. கன்றுகளை ஆடு கடித்துவிடும் என்ற பயம் நியாயமானது. அதற்குக் கிளுவையும் கிளைரிசிடியாவும் நெருக்கி நட்டு உயிர்வேலி போட்டோம். அது எழும்பும்வரை முள்ளை வெட்டி அடைத்தோம். சீமைக்கருவேலத்தால் நான் கண்ட ஒரே நன்மை அது. அடுத்த மாசியில் பண்ணைக்குள் முதல் கிடை விழுந்தது. கீதாரியின் குடும்பம் குட்டைக்கரையில் தங்கியது. பிள்ளைகள் இரவில் ஆட்டுக்குட்டிகளை விட்டு நகரவில்லை. அந்த வருடம் கிடை போட்ட நான்கு ஏக்கரில் கடலை விளைந்ததைப் பார்த்து, பக்கத்து நிலத்துக்காரர்களும் கீதாரியிடம் முன்பணம் கொடுத்தார்கள்.

இனி உள்வீட்டு விஷயம். ஒன்பது குடும்பமும் ஒரே அடுப்பில் சாப்பிடுவது என்று தொடங்கினார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பது அழகுதான், ஆனால் தேரை நிறுத்தியபின் கட்டை போடுகிறவர் யார் என்றும் பேசியிருக்க வேண்டும். ஏறக்குறைய முப்பது பேருக்கு மூன்று வேளை, விறகடுப்பு, மே மாத வெயில். வரப்பு எங்கே போடுவது, பசு வாங்குவதா எருமை வாங்குவதா என்று ஆண்கள் கூட்டம் போட்டுப் பேசும்போது பெண்கள் வெங்காயம் உரித்துக் கொண்டிருந்தார்கள். இதை யாரும் வெளியே சொல்லவில்லை. சென்னையில் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த ஓர் அம்மா மட்டும் சத்தமில்லாமல் ஒரு நோட்டுப் போட்டார். வயலில் யார் எத்தனை மணி நேரம், சமையலறையில் யார் எத்தனை மணி நேரம், கூட்டத்தில் யார் எத்தனை மணி நேரம். மூன்று மாதக் கணக்கைக் கூட்டி ஒரு பௌர்ணமிக் கூட்டத்தில் வாசித்தார். பேச்சில் முதலிடம் வாங்கிய இரண்டு பேர் வயலில் கடைசி இடத்தில் இருந்தார்கள். சமையலறை நேரத்தில் எந்த ஆண் பெயரும் இல்லை.

நான் பார்த்த வேளாண் ஆவணங்களில் அந்த நோட்டுக்குத்தான் முதல் மரியாதை கொடுப்பேன். அடுத்த மாதமே கூட்டுச் சமையல் மதியச் சாப்பாட்டோடு நின்றது. ஊரிலிருந்து ஓர் அக்காவைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். பாத்திரம் துலக்குவது ஆண்கள் முறை. காலையும் இரவும் அவரவர் வீடு. கூட்டு வாழ்க்கையின் ஆத்மா போய்விட்டது என்று ஒருவர் வருந்தினார். அவர்தான் நோட்டில் கூட்ட நேரத்தில் முதலிடம் வந்தவர்.

வருமானத்தைப் பற்றி மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். முதல் நான்கு வருடம் அந்த நிலம் யாருக்கும் சோறு போடவில்லை. மடிக்கணினி போட்டது. வாரத்தில் மூன்று நாள் மொட்டை மாடியில் சிக்னல் தேடி உட்கார்ந்து நகரத்து வேலையைச் செய்துதான் குடும்பம் ஓட்டினார்கள். இதில் கேவலம் ஒன்றுமில்லை, ஆனால் இதை மறைத்துவிட்டு 'மண்ணை நம்பினேன், மண் கைவிடவில்லை' என்று பேட்டி கொடுக்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அதைப் படித்துவிட்டு வேலையை விட்டு வருகிற பையன்கள் என் வீட்டுத் திண்ணையில்தான் வந்து உட்காருகிறார்கள். மூன்று வருட வீட்டுச் செலவுக்குப் பணம் வங்கியில் இல்லாதவரை நான் இந்த வேலைக்குச் சேர்ப்பதில்லை.

முதலில் காசு கண்ணில் பட்டது ஆடிப்பட்டத்துக் கடலையிலும் உளுந்திலும். பிறகு முந்திரி. கீரமங்கலம் பூச்சந்தை பக்கத்தில் இருந்ததால் அரை ஏக்கரில் மல்லிகை போட்டார்கள். விடியும் முன்பே எழுந்து பறித்தால்தான் சந்தைக்கு ஆகும். ஒன்பது குடும்பத்தில் அதற்கு இரண்டு பேர்கூடத் தேறவில்லை. ஊர்ப் பெண்கள் நாலு பேர், பாதிக்குப் பாதி வாரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அதற்கடுத்த வருடம் பத்து ஏக்கர் கடலையும் வாரத்துக்குப் போனது. கூலிக்கு ஆள் தேடியபோது கிடைக்காதவர்கள், பங்கு என்றதும் சொந்தக்காரர்களையும் கூட்டி வந்தார்கள். நூறு நாள் வேலையால் ஆள் வருவதில்லை என்று புலம்புகிற நகரத்து விவசாயிகள் இதைக் கவனிக்கலாம். இயற்கை விளைபொருள் என்று சான்று வாங்கவும் ஊர்தான் உதவியது. விவசாயிகள் ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்துச் சான்று சொல்லும் பி.ஜி.எஸ். முறையில் ஒரு குழுவுக்கு ஐந்து விவசாயிகளாவது வேண்டும். ஊரில் மூன்று பேர் சேர்ந்தார்கள். சான்று வாங்க அவர்கள் பண்ணைக்குள் நடந்து வந்து குறை சொல்ல ஆரம்பித்த பிறகுதான் உண்மையில் விவசாயம் ஒழுங்குக்கு வந்தது.

2016-இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. தமிழ்நாடு முழுவதற்குமாக வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. அடுத்த கோடையில் இருந்த ஒரே வெட்டுக்கிணறு தரை தட்டியது. ஆழ்துளை போடலாம் என்று பாதிப்பேர் நின்றார்கள். நான் கிணற்றுச் சுவரில் பெயின்ட்டால் மூன்று கோடு போடச் சொன்னேன். தண்ணீர் முதல் கோட்டுக்குக் கீழே போனால் காய்கறிக்குப் பாய்ச்சுவது நிற்கும். இரண்டாவதுக்குக் கீழே போனால் பூவுக்கும் நிற்கும், மரக்கன்றுக்குக் குடத்தில்தான் தண்ணீர். மூன்றாவதுக்குக் கீழே குடிக்கவும் மாட்டுக்கும் மட்டும். யாரும் யாரையும் கேட்கவேண்டாம், கிணற்றை எட்டிப் பார்த்தால் போதும். மின்சாரம் இலவசம் என்பதால் மோட்டாரை ஓடவிட்டுத் தூங்குகிற பழக்கம் இந்த மாநிலத்தில் எவ்வளவு கிணறுகளைத் தீர்த்திருக்கிறது என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். கோடு வந்த பிறகு தண்ணீர்ச் சண்டை நின்றது. ஆழ்துளை இன்றுவரை போடவில்லை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை ஏறியது. நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் ஏறி, தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டையை உழுதுகொண்டு போனது. எங்கள் வட்டாரத்தில் தென்னையை நம்பி வாழ்ந்த குடும்பங்கள் ஒரே இரவில் முப்பது வருட உழைப்பை இழந்தன. பண்ணையில் தென்னை கொஞ்சம்தான், அதில் பெரும்பாலானவை சாய்ந்தன. பனை நின்றது. கோயில்காட்டு நாற்றுகள் வளைந்து நிமிர்ந்தன. கீற்றுக் கொட்டகைகள் இருந்த இடம் தெரியவில்லை. நடுவே வெற்றிடம் விட்டு அடுக்கும் எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கல் சுவர் எழுப்பி, தாழ்வாரத்தை இறக்கிக் கட்டிய வீடுகளுக்கு ஓடு மட்டும் போனது.

மின்சாரம் வாரக்கணக்கில் வரவில்லை. ஊரில் மேல்நிலைத் தொட்டி காலி. அப்போது பண்ணையில் ஒரு பழைய டீசல் என்ஜின் கிடந்தது. புகை கக்குகிறது, கொள்கைக்கு விரோதம், விற்றுவிடலாம் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் தீர்மானம் வரும், வாங்க ஆள் வராததால் தப்பித்துக்கொண்டே இருந்தது. அந்த என்ஜினை வைத்துக் கிணற்றிலிருந்து இறைத்து மூன்று தெருவுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். ஊர்க்காரர்கள் அரிவாளும் ரம்பமும் எடுத்து வந்து பாதையில் விழுந்த மரங்களை வெட்டி ஒதுக்கினார்கள். வரத்துக்கால் சண்டை போட்ட பெரியவர்தான் முதலில் வந்தவர். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாமல் கம்பிவேலியோடு நின்றிருந்தால் அந்த வாரம் எப்படி இருந்திருக்கும் என்று பண்ணையில் இன்றைக்கும் பேசுவார்கள்.

ஐந்தாவது வருடம் ஒரு குடும்பம் வெளியேற விரும்பியது. அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை, மதுரையில் இருந்தாக வேண்டும். சண்டையே இல்லை. ஆனாலும் நான் இந்தத் தொழிலில் அதிகம் பயப்படும் நேரம் அதுதான். வறட்சியாலோ புயலாலோ உடைந்த கூட்டுப் பண்ணையை நான் பார்த்ததில்லை. ஒருவர் போகும்போது பங்கைப் பிரிக்க வழி தெரியாமல் உடைந்தவை எத்தனையோ உண்டு. நிலம் ஒருவர் பெயரில் இருந்தால் அவர் மனம் மாறினால் போச்சு, அவர் காலமானால் வாரிசுகள் வருவார்கள். அறக்கட்டளையில் வைத்தால் போகிறவர் வெறுங்கையோடு போகவேண்டும். அதனால் கடைசிவரை போகாமல் முறைத்துக்கொண்டு உள்ளேயே இருப்பார், அது இன்னும் கொடுமை. கூட்டுப் பட்டாவில் ஒருவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது.

டால்ஸ்டாய் பண்ணையைப் பற்றிப் பேசாத கூட்டுப் பண்ணைக்காரர் குறைவு. 1910-இல் ஜோகன்னஸ்பர்க் அருகே காந்தி தொடங்கியது, சிறைக்குப் போன சத்தியாகிரகிகளின் குடும்பங்கள் தங்குவதற்கு. அங்கே இருந்தவர்களில் தமிழர்கள் கணிசம். அதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்றுதான்: 1,100 ஏக்கரும் கல்லன்பாக் என்ற ஒரே மனிதருடையது, அவர் வாடகை கேட்கவில்லை. போராட்டம் ஓய்ந்ததும் மூன்றே வருடத்தில் பண்ணையையும் மூடினார்கள். யாரும் பங்கு கேட்கவில்லை, கேட்க எதுவும் இல்லை. நமக்குக் கல்லன்பாக் கிடைப்பதில்லை. நாம் வருங்கால வைப்பு நிதியை உடைத்து நிலம் வாங்குகிறோம்.

இங்கே நாங்கள் செய்த ஏற்பாடு இது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் உட்பிரிவு செய்து தனிப் பட்டா. எல்லாரும் தங்கள் நிலத்தைப் பொதுவில் தொடங்கிய உற்பத்தியாளர் கம்பெனிக்குப் பதினைந்து வருடக் குத்தகைக்கு விட்டார்கள். கம்பெனிச் சட்டத்தில் 2002-இல் வந்த வசதி இது, பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்து தொடங்கலாம், பங்கு எவ்வளவு இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆகவேண்டும், செலவைப் பார்த்து வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்ளக் கூடாது. வெளியேறுபவர் முதலில் உள்ளே இருப்பவர்களுக்குத்தான் விற்க வேண்டும். விலை சந்தை விலை அல்ல. போட்ட முதல், அதோடு அரசு வழிகாட்டி மதிப்பு எத்தனை சதவீதம் ஏறியதோ அத்தனை சதவீதம். வீட்டுக்குத் தேய்மானம் கழித்து மதிப்பு. பணம் மூன்று வருடத்தில் மூன்று தவணை. நட்ட மரத்துக்கு விலை கிடையாது. இந்தக் கடைசி வரிக்காக மட்டும் ஒரு முழு இரவு வாதாடினார்கள்.

மதுரைக் குடும்பம் இந்த விதிப்படி போனது. சந்தையில் விற்றிருந்தால் இரண்டு மடங்கு கிடைத்திருக்கும், அவர்களுக்கும் அது தெரியும். பிறகு இன்னொரு குடும்பம் போனது. இரண்டு வீடுகள் வார இறுதிக்கு மட்டும் திறக்கின்றன. ஐந்து குடும்பங்கள் நிரந்தரமாக இருக்கின்றன, சித்திரையிலும். காலியான ஒரு பங்கை உள்ளூர்க்காரர் ஒருவர் வாங்கினார். சிங்கப்பூரில் பதினோரு வருடம் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர். கம்பெனிக் கூட்டத்தில் இப்போது அதிகம் கேள்வி கேட்பவர் அவர்தான்.

இந்த ஏற்பாடுகளை எழுதிவைத்த ஒப்பந்தம் தமிழில் நான்கு பக்கம். புதிதாகக் கூட்டுப் பண்ணை தொடங்குகிறோம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு நகல் கொடுத்து, குடும்பத்தோடு உட்கார்ந்து படித்துவிட்டு வாருங்கள் என்று அனுப்புகிறேன். முதல் பக்கத்தில் வெளியேறும் விதிகள், இரண்டாவதில் வரத்துக்காலும் ஆட்டுப்பாதையும், மூன்றாவதில் சமையலறையும் கிணற்றுக் கோடுகளும். பயிரைப் பற்றி நான்காவது பக்கத்தில்தான் வருகிறது. வாங்கிப் போனவர்களில் பாதிப்பேர் திரும்பி வருவதில்லை. மீதிப்பேரோடு நான் வேலை செய்கிறேன்.